நிஜ அழைப்புகளே உரைகல்

அன்புள்ள மலர்விழிக்கு,

பேசினால் பதில் சொல்லும் கணினி அமைப்பை உருவாக்கப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. அது எத்தனை கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னது என்று எண்ணுவதோடு நின்றுவிடாதே. கேட்டவர் யார், எந்தச் சூழலில் கேட்டார் என்றும் பார்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லெட்ஸ் கோ' அமைப்பு 2005 முதல் இரவு நேரங்களில் பேருந்துத் தகவல் கேட்டவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவந்தது. 2010இல் வேறு ஆய்வுக் குழுக்களும் அதே வேலைக்குத் தங்கள் அமைப்புகளைக் கொண்டுவந்தன. முதலில் கட்டுப்பாடான சோதனை. பிறகு உண்மையான பயணிகளின் அழைப்புகள். முதலாவதில் சிறந்து விளங்கிய அமைப்பு இரண்டாவதிலும் அப்படியே விளங்கும் என்று நம்ப முடியாது என்பது அப்போது தெரிந்தது.

காரணம் இதுதான். சோதனைக்கு வருபவரிடம் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று நாமே சொல்லிவிடுகிறோம். தவறான பதில் வந்தாலும் அவருக்கு நட்டமில்லை. பயணியோ வண்டி இரைச்சலுக்கு நடுவே, அவசரத்தில் பேசுவார். பாதியில் மனம் மாறுவார். பொறுமை போனால் இணைப்பைத் துண்டிப்பார்.

இத்தகைய அமைப்புகளில் நிகழ்தகவு அடிப்படையிலானது, காதில் விழுந்ததற்கு ஒரே பொருள் என்று முடிவுகட்டாது. பல ஊகங்களை, ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்ற கணக்கோடு வைத்திருக்கும். அதன் பலம் தெளிவில்லாத பேச்சில்தான் வெளிப்படும். அமைதியான அறையில் மட்டும் சோதித்தால் அதன் பலமும் தெரியாது, பலவீனமும் தெரியாது.

நிஜ அழைப்புகளை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அழைத்தவருக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. அவர் இணைப்பைத் துண்டித்தது விடை கிடைத்ததாலா, வெறுத்துப் போயா? ஆகவே ஒரே எண்ணை நம்பாதே. 1997இல் மெர்லின் வாக்கரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த 'பாரடைஸ்' முறை, வேலை முடிந்ததா என்பதோடு, அதற்கு எவ்வளவு நேரமும் பேச்சும் செலவாயின என்பதையும் சேர்த்துப் பயனரின் திருப்தியைக் கணிக்கிறது. நீயும் அப்படிப் பல பக்கங்களிலிருந்து பார்.

சோதனை முடிவையும் நிஜ முடிவையும் ஒரே சராசரியில் கலக்காதே. அறிக்கையில் தனித்தனியே கொடு. தோற்றுப்போன அழைப்புகளின் பதிவுகளை முழுதாகக் கேள். உதவி தேடி அழைத்தவர் வெறுங்கையோடு போனது எதனால் என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் உன் முதல் வேலை.

அன்புடன்,
சித்தப்பா