‘சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட் கிடையாது’ என்று விட்டுவிடலாமா?

கேள்வி: திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் சிறிய ஆட்டோமேஷன் நிறுவனம் நடத்துகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ரோலிங் மில்களுக்கு பி.எல்.சி. (மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி), நெட்வொர்க் வேலைகள் செய்து தருகிறோம். மில் நெட்வொர்க்கில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது ஒரு மெஷின் பேசினால் அலர்ட் வரும். ஒரே கோளாறுக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவிவதால் ஷிப்ட் இன்ஜினீயர்கள் சத்தத்தை அணைத்துவிடுகிறார்கள். ஒரே காரணத்தால் எழும் அலர்ட்களை ஒரு குழுவாகச் சேர்க்கும் கருவி ஒன்றை உருவாக்கி, 2023-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். ஐந்து மாதத்துக்கு முன் முதல் ஆய்வு அறிக்கை வந்தது. காப்புரிமைச் சட்டப் பிரிவு 3(கே)-யின்படி இது வெறும் அல்காரிதம், கம்ப்யூட்டர் புரோகிராம் என்கிறது. பழைய அமெரிக்கக் காப்புரிமைகளைக் காட்டி, இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறது. எங்கள் ஏஜென்ட் போனை எடுப்பதே இல்லை. இந்தியாவில் சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட் தரமாட்டார்கள், விட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். விட்டுவிடலாமா? அறிக்கையையும் விண்ணப்பத்தின் சில பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.
— ஆர்., திருவள்ளூர் மாவட்டம்

பதில்: விடாதீர்கள். ஆனால் 3(கே) பற்றிப் பேசும் முன் தேதியைப் பற்றிப் பேச வேண்டும்.

முதல் ஆய்வு அறிக்கைக்குப் பதில் போட, காப்புரிமை விதி 24பி தரும் காலம் ஆறு மாதம். அலுவலகம் அறிக்கையை அனுப்பிய நாளிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும். ஏஜென்ட் உங்களுக்கு எப்போது அனுப்பினார், நீங்கள் எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. நீங்கள் அனுப்பிய நகலின் முதல் பக்கத்திலேயே தேதி இருக்கிறது. அதன்படி உங்கள் கையில் ஒரு மாதம்கூட இல்லை. இந்த இதழ் அச்சாகி வரும்போது இன்னும் குறைந்திருக்கும் என்பதால், கடைசி நாள் எது என்பதை உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

ஏஜென்ட் போனை எடுக்கவில்லை என்பது ஐந்து மாதம் சும்மா இருந்ததற்குப் பதிலாகாது. விண்ணப்பம் உங்களுடையது, இழப்பும் உங்களுடையது. விண்ணப்ப எண்ணைப் போட்டால் இணையத்திலேயே நிலவரம் தெரியும். திருவள்ளூரில் ரயிலேறி, சென்ட்ரல் எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறினால் கிண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் காப்புரிமை அலுவலகம். அரை நாள் வேலை. மில்லில் ஒரு பி.எல்.சி. நின்றுபோனால் நள்ளிரவிலும் ஓடுகிறவர்கள் நீங்கள். இரண்டு வருட உழைப்பின் மேல் அரசு அலுவலகம் கேள்வி கேட்டிருக்கும்போது நண்பர்களிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நண்பர்கள் சொல்வது போல விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியாது. பதில் போட்டு, விசாரணையும் நடந்து, அதன்பின் அலுவலகம் பிரிவு 15-ன் கீழ் நிராகரித்தால், பிரிவு 117ஏ-யின்படி மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2021-ல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டதிலிருந்து அது நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துப் பிரிவு இயங்குகிறது. பதிலே போடாவிட்டாலோ, பிரிவு 21-ன்படி விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகக் கருதுவார்கள். மேல்முறையீடு செய்யத்தக்க பிரிவுகளின் பட்டியலில் 21 இல்லை. பிறகு அரசியல் சட்டம் 226-ன் கீழ் ரிட் மனுதான். அங்கே முதல் கேள்வியே ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்’ என்பதாக இருக்கும். தோற்றாலும் பதில் போட்டுத் தோற்பதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

தயாரிக்க நேரம் போதாது என்றால் படிவம் 4 போட்டு, கட்டணம் கட்டி மூன்று மாதம் நீட்டிப்பு கேட்கலாம். அதையும் ஆறு மாதம் முடியும் முன்பே போட வேண்டும்.

இனி சட்டம். 3(கே) விலக்குவது கணித முறை, வணிக முறை, அல்காரிதம், ‘பெர் சே’ (அதாவது, வெறும் புரோகிராமாக மட்டுமே உள்ள) கம்ப்யூட்டர் புரோகிராம் ஆகியவற்றை. அந்த ‘பெர் சே’யை வைத்துத்தான் ஃபெரித் அலானி வழக்கில் 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், புரோகிராமை அடிப்படையாகக் கொண்ட எல்லாக் கண்டுபிடிப்பையும் தள்ளிவிட முடியாது, தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. புதிய ஹார்டுவேரும் சேர்ந்திருக்க வேண்டும் என்று காப்புரிமை அலுவலகத்தின் 2016 வழிகாட்டி நெறிகள் கேட்டன. 2017-ல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. நெட்வொர்க்கில் பயனரை அடையாளம் காணும் முறை பற்றிய மைக்ரோசாஃப்ட் விண்ணப்பத்தை 3(கே)-யைச் சொல்லி நிராகரித்த உத்தரவை 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்க அனுப்பியது. கதவு மூடியிருக்கிறது என்பது தவறு. யாருக்கும் திறந்துவிடும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு.

உங்கள் வழக்கு ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது. அலர்ட்களைக் குழுவாகச் சேர்ப்பதால் நெட்வொர்க்குக்கு உள்ளே என்ன மாறுகிறது? அது 2023-ல் நீங்கள் தாக்கல் செய்த விவரக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறதா?

நீங்கள் கடிதத்தில் பெருமையாகச் சொல்வது இன்ஜினீயரின் திரை சுத்தமாக இருக்கிறது என்பதை. சைபர் சம்பவம் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்ட பிறகு, குப்பையிலிருந்து நிஜ ஆபத்தைப் பிரித்துக் காட்டும் கருவிக்கு மில்களில் மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வாளர் முன் இந்த வாதம் நிற்காது. பார்க்கிறவருக்கு வசதியாகத் தகவலை அடுக்கிக் காட்டுவது மட்டுமே கண்டுபிடிப்பு என்றால், அது தகவலைக் காட்சிப்படுத்துவது என்று 3(என்)-இலும் மாட்டிக்கொள்ளும்.

இணைத்திருக்கும் பக்கங்களில் வேறொரு பத்தி இருக்கிறது. மின்தடைக்குப் பின் ஒரு பி.எல்.சி. மீண்டும் எழுந்து பக்கத்து மெஷின்களையெல்லாம் கூப்பிடும்போது எழும் அலர்ட்களை, எந்த மெஷின் எதனுடன் இணைந்திருக்கிறது என்ற வரைபடத்தை வைத்து, ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே உங்கள் கருவி சேர்த்துவிடுகிறது. சர்வருக்கு ஒரே ஒரு செய்தி மட்டும் போகிறது. அதனால் கட்டுப்பாட்டுச் செய்திகள் தாமதமாவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உயிர்நாடி அதுதான். உரிமைக்கோரல்களில் அது முன்னுக்கு வர வேண்டும். இப்போதைய முதல் கோரலில் ‘பெறுதல், ஒப்பிடுதல், குழுவாக்குதல், காட்டுதல்’ என்று மட்டும் இருக்கிறது. அதைப் படித்த ஆய்வாளர் அல்காரிதம் என்றதில் வியப்பில்லை.

திருத்தலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. தாக்கல் செய்த ஆவணத்தில் இல்லாத எதையும் உள்ளே நுழைக்கப் பிரிவு 59 விடாது. அந்தப் பத்தி விவரக்குறிப்பில் இருக்கிறதா, அல்லது பின்னால் நீங்கள் தயாரித்த விளம்பரத் தாளிலிருந்து எனக்கு வந்ததா என்பது பக்க எண் இல்லாத நகலை வைத்து எனக்குத் தெரியவில்லை. முழு ஆவணத்தை அனுப்பியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

பழைய அமெரிக்கக் காப்புரிமைகள் விஷயம். நெட்வொர்க்கின் பல இடங்களில் கண்காணிப்பான்கள் வைத்து, சந்தேகச் செயல் பற்றிய அறிக்கைகளை மேலடுக்கில் ஒன்றுசேர்க்கும் எஸ்.ஆர்.ஐ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் காப்புரிமைகளுக்கு மூலம் 1998 நவம்பர் விண்ணப்பம். சிஸ்கோவுக்கு எதிரான வழக்கில், இது வெறும் கருத்து அல்ல, நெட்வொர்க்கின் செயல்பாட்டையே மேம்படுத்துகிறது என்று அமெரிக்க ஃபெடரல் சர்க்கியூட் நீதிமன்றம் 2019 மார்ச்சில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார். அது நம் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்குத் துணை, அவ்வளவே. அதே தீர்ப்பு உங்களுக்கு எதிராகவும் திரும்பும்: அலர்ட்களைச் சேர்ப்பது 1998-லேயே தெரிந்த விஷயம் ஆகிவிடுகிறது. ஆக, சேர்க்கும் விதத்தில் உங்களுடையது எது என்பதை, ஆய்வு அறிக்கை மேற்கோள் காட்டிய ஒவ்வொரு ஆவணத்தோடும் பொருத்திச் சொல்லியாக வேண்டும்.

அடுத்து சோதனைப் பதிவுகள். நிறுவிய மில்லில் செய்திப் போக்குவரத்து குறைந்ததற்கு லாக் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, ‘பழையதை அழித்துவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். செர்ட்-இன் உத்தரவு நிறுவனங்களை 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குமேல் மில்காரர்கள் வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. இன்றே எழுத்துமூலம் கேட்டு, இருப்பதை வாங்குங்கள். கருவிக்கு முன், பின் என்ற ஒப்பீட்டோடு பிரமாண வாக்குமூலமாகத் தந்தால் விசாரணையில் உதவும். விவரக்குறிப்பில் உள்ள ஓட்டையை மட்டும் அது அடைக்காது.

பதிலின் கடைசியில் விசாரணை வேண்டும் என்று மறக்காமல் கேளுங்கள். பிரிவு 80-ன்படி அந்தக் கோரிக்கை காலம் முடிவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போக வேண்டும்.

சில பக்கங்களை மட்டும் பார்த்து எழுதிய பதில் இது. இதை அப்படியே நகலெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். மின்னணு பற்றித் தெரிந்த, பதிவுபெற்ற காப்புரிமை ஏஜென்டையோ இத்துறை வழக்கறிஞரையோ இந்த வாரமே நேரில் பாருங்கள். தாக்கல் செய்த முழு விவரக்குறிப்பு, ஆய்வு அறிக்கை, அதில் காட்டிய ஆவணங்கள், பழைய ஏஜென்டுக்கு எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். ஏஜென்டை மாற்றினால் படிவம் 26-இல் புதிய அதிகாரம் கொடுத்து, தகவல் அனுப்பும் முகவரியையும் மின்னஞ்சலையும் அன்றே மாற்றுங்கள். இல்லையென்றால் விசாரணைக் கடிதமும் பழையவருக்கே போகும்.