சமாதானக் கமிட்டியும் சம்பளமில்லா ஊழியமும்
(சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

ஐக்கிய சங்க அங்கத்தினர்களே! "கமிட்டியில் உட்கார்வதால் எனக்கு என்ன லாபம்?" என்னும் கேள்வி எந்தச் சங்கத்திலும் எழுவது சகஜம். ஜெர்மனி தேசத்தில் கிராம நாணய சங்கங்களை ஸ்தாபித்த ரெய்பீஸன் என்பார், கணக்கருக்கு மாத்திரம் சம்பளமும், நிர்வாகக் கமிட்டியாருக்கு ஊதியமில்லா ஊழியமும் விதித்தார். அவ்விதியின் உட்பொருளை, சமாதானத்தின் பொருட்டு ஏற்பட்ட ஒரு சபையின் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வோம்.

1. வஜீர் நாட்டுச் சங்கதி

ஆப்பிரிக்கா கண்டத்தில், கென்யா தேசத்தின் வடகிழக்கில் வஜீர் என்னும் வறண்ட பிரதேசம் உளது. அங்குள்ளோர் பெரும்பாலும் ஒட்டகமும் ஆடுமாடும் மேய்க்கும் சோமாலியர். ஒரே மதத்தினராயினும் பல குலங்களாய்ப் பிரிந்தவர். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் மழை பொய்த்தது. மேய்ச்சலும் தண்ணீரும் குன்றின. அண்டை நாட்டுக் கலகத்தால் துப்பாக்கிகள் மலிந்தன. குலச் சண்டை மூண்டு உயிர்ச்சேதம் மிகுந்தது. சந்தையிலே ஒரு குலத்துப் பெண் மற்றொரு குலத்தாளிடம் கொள்ளவும் மாட்டாள், விற்கவும் மாட்டாள் என்ற நிலைமை வந்தது.

அச்சமயம் ஒரு கலியாண வீட்டில் கூடிய சில பெண்கள், "முதலில் சந்தையையாவது காப்போம்" என்று முனைந்தார்கள். அவர்களுள் ஒருவர் தேகா இப்ராஹிம் அப்தி என்னும் பள்ளி உபாத்தியாயினி. சகல குலத்தாரும் அச்சமின்றி வந்துபோக, சந்தையைக் கண்காணிக்க ஒரு கமிட்டி அமைத்தார்கள். பிறகு குலப் பெரியோரையும் வாலிபரையும் அணுகினார்கள். 1993-இல் பெரியோர் கூடி அல்பத்தா உடன்படிக்கையை ஏற்றனர். 1995-இல் இக்கூட்டங்களும் சர்க்கார் அதிகாரிகளும் ஒன்றுசேர்ந்த வஜீர் சமாதான அபிவிருத்திக் கமிட்டி உண்டாயிற்று. தேகா அம்மையார் 2011-இல் காலமானார்.

2. அக்கமிட்டியின் ஏற்பாடு

(அ) எதிர்த்து நின்ற குலத்தார் யாவருக்கும் கமிட்டியில் இடம் இருந்தது.

(ஆ) பெரிய குலங்களிடையே பேச, மிகச் சிறிய குலத்துப் பெரியவரை முன்னிறுத்தினார்கள். அவரிடம் எவருக்கும் அச்சமில்லை.

(இ) கொலை அல்லது மாட்டுத் திருட்டு என்று செய்தி வந்தால், பழிக்குப் பழி கிளம்புமுன் பெரியோர், பெண்கள், மதபோதகர், அதிகாரிகள் அடங்கிய குழு விரைந்து செல்லும்.

(ஈ) ஆரம்பித்தவர்கள் தத்தம் ஜீவனோபாயத்தை விடாமல், மிஞ்சிய நேரத்தில் இதைச் செய்தார்கள். ஆதலால் "கூலிக்குப் பேசுகிறார்கள்" என்று எவரும் அவர்களைத் தள்ளக்கூடவில்லை.

3. நமக்குரிய படிப்பினை

யான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், தவணை தப்பிய பாக்கி முழுவதும் ஒரே தெருவின் பேரில் நின்றது. வாய்க்கால் தகராற்றால் அத்தெருவார் கமிட்டியில் ஒருவரும் இல்லை. கணக்கும் நடவடிக்கைப் புத்தகமும் ஒழுங்காகவே இருந்தன. ஆகவே முதல் வருஷம் "தாவாப் போட்டு வசூலிக்கவும்" என்று எழுதிவிட்டு வந்தேன். பாக்கி குறையவில்லை, பகையோ வளர்ந்தது. பிழை என்னுடையது. மறுவருஷம் அத்தெருவார் இருவரைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கும்படி மன்றாடினேன். அவர்கள் உட்கார்ந்த பிறகே, மனுக்கள் அங்கு எவ்வளவு தாமதமாயின என்பது வெளியாயிற்று. தவணைகள் சில வந்தன. வாய்க்கால் தகராறு முற்றும் தீரவில்லையாயினும், இரு தெருவாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுகின்றனர்.

ஆகையால் கமிட்டிக்கு வர இசைபவர் இவற்றை மனத்திற் கொள்க. மாதத்தில் எத்தனை நாழிகை கொடுக்கக்கூடும் என்பதை முன்பே சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்டதைத் திண்ணையில் பேசாதீர்கள். உறவினர் விவகாரம் வந்தால் எழுந்து விலகுங்கள். விலக நேரின், பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்புவித்த பின் விலகுங்கள். கமிட்டியாரின் கூலி, ஊரார் அவர்களிடம் வைக்கும் நம்பிக்கையே. அது செலவழிந்தால் எந்தப் பாங்கியிலும் கடன் கிடையாது.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நமது கமிட்டியில் எந்தத் தெருவார், எவ்வகுப்பார் இல்லை? ஏன்?
2. பெண் அங்கத்தினர்களை எந்த வேலைக்கு அழைத்திருக்கிறோம்?
3. ஊரில் சச்சரவு கிளம்பினால் அன்றைக்கே போய்ப் பேசக்கூடிய மூவர் யார்?