டீ பேக்டரியில் ஒரு சாக்குக் கணக்கு: பவர் பேக்டர் புரிய ஒரு வழி

அடுத்த தடவை குன்னூர் பக்கம் டூர் போறப்போ, டீ பேக்டரிக்குள்ள கூட்டிட்டுப் போனா, கடைசியில குடுக்கிற ஏலக்காய் டீயை மட்டும் குடிச்சிட்டு வந்துடாதீங்க. ஒரு நிமிஷம் நின்னு சத்தத்தைக் கேளுங்க. கொழுந்தை வாட்டுற தொட்டிக்கு அடியில ஃபேன், அதைத் தாண்டி ரோட்டர்வேன், சி.டி.சி. ரோலர், ட்ரையருக்கு ப்ளோயர், கடைசியில சலிக்கிற மெஷின். சூட்டுக்குப் பெரும்பாலும் விறகு அடுப்புதான். அதனால கரண்ட் முக்கால்வாசியும் போறது மோட்டாருக்கு. அதுவும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு. பவர் பேக்டர் படிக்க இதைவிட நல்ல லேப் கிடைக்காது.

நம்ம புத்தகத்துல முதல் வரியே 'காஸ் ஃபை' என்று ஆரம்பிக்கும். பரீட்சைக்கு அது போதும். ஆனா அந்த ஃபை எங்கிருந்து வருது?

தோட்டத்துக்குப் போகிற லாரியை நினைச்சுக்குங்க. காலிச் சாக்கோடு மேலே போகும், கொழுந்து நிரப்பின சாக்கோடு கீழே வரும். சாக்கை யாரும் குடிக்கப் போறதில்லை. ஆனா சாக்கு இல்லாம கொழுந்து வராது. லாரியில இடமும் பிடிக்கும். மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலம்தான் அந்தச் சாக்கு. அதை உண்டாக்க எடுக்கும் மின்னாற்றல் செலவாவதில்லை, போய்ப் போய் திரும்பி வருகிறது. இதுதான் ரியாக்டிவ் பவர், அளவு கே.வி.ஏ.ஆர். உண்மையில் வேலை செய்வது கிலோவாட். ரெண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய லாரியின் கொள்ளளவு கே.வி.ஏ.

உவமை ஒரு இடத்துல நொண்டும், சொல்லிடறேன். லாரியில எடையை நேரடியாகக் கூட்டலாம். இங்கே ரெண்டும் 90 டிகிரி விலகி நிற்பதால் பிதாகரஸ்தான் கூட்டுவார். 100 கிலோவாட், 0.75 பவர் பேக்டர் என்றால் ரியாக்டிவ் சுமார் 88 கே.வி.ஏ.ஆர்.; மொத்தம் 188 இல்லை, 133 கே.வி.ஏ.

415 வோல்ட் மூன்று பேஸில் இதற்கு சுமார் 186 ஆம்பியர் ஓடும். அதையே 0.95 ஆக்கினால் 146 ஆம்பியர். வேலை அதே 100 கிலோவாட்! கேபிளில் சூடாகும் இழப்பு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது ஏறக்குறைய 38 சதவீதம் குறையும். மலையில கடைசி எஸ்டேட் வரைக்கும் நீண்டு போகிற லைனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வோல்டேஜ் சரிவும் கூடவே குறையும்.

இங்கே ஒரு கேள்வி வரலாம். "பைக்காரா பவர் ஹவுஸ் 1932லேயே இந்த மலையில் வந்தாச்சு, அப்புறம் மோயாறு, குந்தா. கரண்ட் பிறக்கிற ஊருக்கே கரண்ட் கணக்கா?" ஜெனரேட்டரின் எக்ஸைட்டேஷனைக் கூட்டினால் ரியாக்டிவ் பவரை அங்கிருந்தே அனுப்பலாம், உண்மைதான். ஆனா அது வருவதும் அதே கம்பி, அதே டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான். சாக்கைத் தோட்டத்துலேயே ஒரு கொட்டகையில் அடுக்கி வெச்சா லாரி சுமக்க வேண்டாமே. அந்தக் கொட்டகைதான் கெபாசிட்டர். மோட்டாருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறோமோ அவ்வளவு தூரத்துக் கம்பி மிச்சம். நம்ம 100 கிலோவாட் உதாரணத்துக்கு 0.75-லிருந்து 0.95 போக சுமார் 55 கே.வி.ஏ.ஆர். வேணும்.

பணம் எங்கே போகுதுன்னா, தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்கு பவர் பேக்டர் 0.90-க்குக் குறையக் கூடாது. குறைகிற ஒவ்வொரு 0.01-க்கும் மின் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதல். 0.87 என்றால் 3 சதவீதம் தண்டம். 0.85-க்கும் கீழே போனா விகிதமே கூடும். அது தவிர டிமாண்ட் கட்டணம் கே.வி.ஏ. கணக்கில், சாக்குக்கும் சேர்த்துத்தான் லாரி வாடகை.

"சரி, பெரிய கெபாசிட்டரா ஒண்ணு மாட்டி விட்டுடலாம்" என்று தோணும். டீ பேக்டரியில் அங்கேதான் சிக்கல். சீசன்ல கொழுந்து குவியும், மோட்டார் எல்லாம் நிறைய லோடில் ஓடும். பனி விழும் மாதங்களில் வரத்து சுருங்கும். அதே மோட்டார் பாதி லோடில் சுத்தும். காந்தப்புலத்துக்கு வேண்டியது பெரிசா குறையாது, கிலோவாட் மட்டும் குறையும், அதனால பவர் பேக்டர் சரியும். மோட்டார்களே நின்ன பிறகு 55 கே.வி.ஏ.ஆர். மட்டும் லைனில் தொங்கினால் நேர் எதிர்: பவர் பேக்டர் லீடிங் ஆகி வோல்டேஜ் ஏறும். அதனாலதான் தேவைக்கேற்பப் படிப்படியாகச் சேர்த்துக் கழட்டும் ஏ.பி.எஃப்.சி. பேனல்.

அடுத்த வில்லன் வி.எஃப்.டி. வாட்டும் தொட்டி ஃபேனுக்கு வேகக் கட்டுப்பாடு வெச்சா மின்சாரம் மிச்சம்தான். ஆனா சாதாரண ஆறு பல்ஸ் டிரைவ் 5, 7, 11, 13-வது ஹார்மோனிக்ஸைத் திருப்பி அனுப்பும். இப்போ கணக்கு போடுங்க: 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 4 சதவீதம். ஷார்ட் சர்க்யூட் திறன் 6250 கே.வி.ஏ. அதை நம்ம 55-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 10.7. அதாவது 11-வது ஹார்மோனிக்குக்குப் பக்கத்துல ரெசொனன்ஸ்! கெபாசிட்டர் உப்பி, ஃபியூஸ் போகும். பழி கெபாசிட்டர் கம்பெனி மேல விழும். 7 சதவீத ரியாக்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் ட்யூனிங் 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 5-வதுக்கும் (250 ஹெர்ட்ஸ்) கீழே. தொல்லை தீர்ந்தது. டிரைவின் அவுட்புட் பக்கம் மட்டும் கெபாசிட்டர் மாட்டவே மாட்டாதீங்க, டிரைவ் போயிடும்.

இன்பிளான்ட் டிரெயினிங் போறவங்களுக்கு ஒண்ணு. பிரேக்கரை ஆஃப் பண்ணின உடனே கெபாசிட்டர் டெர்மினலில் கை வைக்காதீங்க. டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வேலையை முடிக்க நேரம் ஆகும். அது அறுந்தும் இருக்கலாம். காத்திருந்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகுதான் தொடணும். பனிக் குளிரில் ஈரக் கையோடு அவசரப்படுறது ரொம்ப ஆபத்து.

வீட்டுக் கணக்கு: 60 கிலோவாட் லோடு, 0.80-லிருந்து 0.95-க்குப் போகணும். எத்தனை கே.வி.ஏ.ஆர்.? 25-ஐ ஒட்டி வரலைன்னா, டேன் போட வேண்டிய இடத்துல சைன் போட்டிருப்பீங்க.