உப்புக் குவியலும் உத்தேசக் கணக்கும்

நற்செய்தி நூல்களில் இரண்டு எண்கள் வருகின்றன. உயிர்த்த ஆண்டவரின் சொற்படி வலை வீசியபோது அகப்பட்ட மீன்கள் 153 (யோவான் 21). அப்பமும் மீனும் உண்டவர்களோ, பெண்களும் பிள்ளைகளும் நீங்கலாக, ஏறக்குறைய 5000 ஆண்கள் (மத்தேயு 14). மீனை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள், மனிதரை எண்ணவில்லை. இந்த 153 இற்கு மறைபொருள் தேடியவர்கள் பலர். கடற்றொழில் செய்யும் ஒருவரைக் கேட்டால் எளிதாகச் சொல்லிவிடுவார்: மீன் பங்கு பிரிக்க வேண்டிய பொருள், எண்ணித்தான் ஆகவேண்டும். புல்வெளியில் அமர்ந்திருந்த கூட்டம் எவ்வளவு பெரியது என்று விளங்க 5000 என்ற எண் போதும்.

எண்ண வேண்டிய இடம் எது, மதிப்பிட்டால் போதுமான இடம் எது, அப்படி மதிப்பிடும்போது யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? இவற்றையே இம்முறை நமது கணிதப் பக்கத்தில் நோக்குவோம். பாடசாலையில் ‘மட்டந்தட்டல்’ என்று படித்த பாடம்தான் இது. பரீட்சையோடு அதை விட்டுவிட்டோம். நெல் விற்கும் இடத்திலும் உப்பு அளக்கும் இடத்திலும் அது நமக்கு வேண்டியதாயிருக்கிறது.

முதலில் விதியை நினைவுபடுத்திக்கொள்வோம். ஓர் எண்ணைக் கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டும்போது ஒன்றினிடத்து இலக்கத்தைப் பார்க்கிறோம். அது 5 இலும் குறைவாயின் விட்டுவிடுகிறோம். 5 அல்லது அதற்கு மேலாயின் பத்தினிடத்தில் ஒன்றைக் கூட்டுகிறோம். 43 என்பது 40 ஆகும், 47 என்பது 50 ஆகும். கிட்டிய நூறுக்காயின் பத்தினிடத்தை மட்டும் பார்க்க வேண்டும். 1449 ஐ நூறுக்கு மட்டந்தட்டினால் 1400. இங்கே சிலர் முதலில் 1450 ஆக்கி, பின்பு 1500 ஆக்கிவிடுவார்கள். அது தவறு. மட்டந்தட்டுவது ஒரே தடவையில் முடிய வேண்டும்.

விதியிலிருந்து ஓர் உண்மை கிடைக்கிறது. பத்துக்கு மட்டந்தட்டினால் வரும் பிழை 5 ஐத் தாண்டாது. நூறுக்காயின் 50 ஐத் தாண்டாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனிப் பெருக்கல். 48 கிலோ வீதம் 312 மூடைகள். 50 × 300 = 15,000 என்று மனதிலேயே சொல்லலாம். சரியான விடை 14,976. இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது, அதில் கணக்குப் போடலாம் என்பீர்கள். போடுங்கள். ஆனால் அவசரத்தில் ஓர் இலக்கம் கூட விழுந்து 149,760 என்று வந்தால், அது பிழை என்று சொல்வது உங்கள் மனக்கணக்குத்தான், தொலைபேசி சொல்லாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 26 × 36 ஐ 30 × 40 என்று எடுத்தால் 1200 வரும். சரியான விடை 936. இரண்டையும் ஒரே பக்கமாக உயர்த்தியதால் பிழை பெருத்துவிட்டது. 26 ஐ 25 ஆகக் குறைத்து 36 ஐ 40 ஆகக் கூட்டினால் 1000. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள். பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடும்.

இங்கேதான் நெல் வியாபாரம் வருகிறது. எட்டு மூடைகளின் நிறை கிலோவில் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 67.4, 68.7, 66.9, 67.8, 68.2, 66.6, 67.9, 68.5. கூட்டினால் 542 கிலோ. ஒவ்வொன்றையும் கிட்டிய கிலோவுக்கு மட்டந்தட்டிக் கூட்டினால் 543. ஒரு கிலோதான் வித்தியாசம், அதுவும் விற்பவர் பக்கம். பெரிய குறையில்லை. ஆனால் களத்து மேட்டில் நடப்பது வேறு. “சில்லறையை விடுங்கோ அண்ணை, கணக்குக் குழம்பும்” என்று சொல்லி, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை ஒவ்வொரு மூடையிலும் வெட்டிவிடுவார்கள். 67, 68, 66, 67, 68, 66, 67, 68. கூட்டிப் பாருங்கள், 537. எட்டு மூடையில் 5 கிலோ போய்விட்டது. இந்த வீதத்தில் நூறு மூடைக்கு 60 கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு மூடை நெல். சாக்கின் நிறை என்று கழிப்பது இதற்குப் புறம்பு.

இதற்கு மட்டந்தட்டல் என்று பெயரில்லை, வெட்டுதல் என்றுதான் பெயர். மட்டந்தட்டும்போது சில எண்கள் ஏறும், சில இறங்கும். வெட்டும்போது எல்லாம் இறங்கும். சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மூடையின் நிறையையும் புள்ளியோடு கொப்பியில் எழுதுங்கள். மொத்தத்தைக் கூட்டிய பிறகு, கடைசியில் ஒரே ஒரு தடவை மட்டந்தட்டச் சொல்லுங்கள். அப்போது எத்தனை மூடையானாலும் பிழை அரைக் கிலோவைத் தாண்டாது.

தராசே இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஏ9 வீதியில் பரந்தனைக் கடந்து ஆனையிறவுக்கு வரும்போது உப்புப் பாத்திகள் தெரியும். 1990 இல் போரினால் நின்றுபோன உப்பளம் இது. 2025 மார்ச்சில் இங்கு மேசை உப்புத் தொழிற்சாலை திறந்து வைக்கப்பட்டது. சோளகக் காற்றும் வெயிலும் சேரும் மாதங்களில் வாரிய உப்பைக் குவித்து வைப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு சிறு குவியலில் எத்தனை மூடை உப்பு என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

குவியல் கூம்பு வடிவமானது. கூம்பின் கனவளவு காண ஆரையை ஆரையால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, 3 ஆல் வகுக்க வேண்டும். 3.14 ஐ 3 என்று மட்டந்தட்டுங்கள். பெருக்குவதும் 3, வகுப்பதும் 3; இரண்டும் கழிந்துபோகும். மிஞ்சுவது ஆரை × ஆரை × உயரம். இதைவிட எளிய கணக்கு வேறு வேண்டுமா?

ஆனால் ஆரையை எப்படி அறிவது? குவியலின் நடுவுக்குள் கோல் போக முடியாது. அடியைச் சுற்றிக் கயிறு பிடிக்கலாம். சுற்றளவு 18 மீற்றர் என்று வைப்போம். அதை 6 ஆல் வகுத்தால் ஆரை 3 மீற்றர். உச்சியிலிருந்து ஒரு கம்பைக் கிடையாக நீட்டி, முனையிலிருந்து நிலத்துக்கு நூல் விட்டால் உயரம் தெரியும், அது 1.8 மீற்றர். 3 × 3 × 1.8 = 16.2 கன மீற்றர்.

இந்த ‘ஆறில் ஒன்று’ கணக்கு நாம் கண்டுபிடித்ததல்ல. 1150 அளவில் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் தானியக் குவியலை அளக்க இதே முறைதான் சொல்லப்பட்டுள்ளது: சுற்றளவின் ஆறில் ஒன்றை வர்க்கித்து உயரத்தால் பெருக்கு. உயரத்துக்கும் அவர் வழி சொல்கிறார். பருந்தானியமாயின் சுற்றளவில் பத்தில் ஒன்று, நுண்தானியமாயின் பதினொன்றில் ஒன்று, நெல் போன்ற உமியுள்ளதாயின் ஒன்பதில் ஒன்று. சொரசொரப்பான நெல் கூர்மையாகக் குவியும், வழுக்கும் நுண்மணி பரந்து படுக்கும் என்பதை அவர் பார்த்திருக்கிறார். நமது உப்புக் குவியல் பத்தில் ஒன்று.

இப்போது வேறொருவர் வந்து கயிறு வேண்டாம் என்கிறார். குவியலின் இரு பக்கமும் இரண்டு கம்பு நட்டு, இடைத்தூரத்தை அளந்து விட்டத்தைக் கண்டு, பாதியாக்குகிறார். அதே குவியலுக்கு விட்டம் 5.73 மீற்றர், ஆரை 2.87. அதே சூத்திரத்தில் போட்டால் 14.8 கன மீற்றர். எங்கே போயிற்று மிச்சம்? உண்மையான கனவளவு 15.5. கயிற்றுக்காரர் 6.28 ஆல் வகுக்க வேண்டியதை 6 ஆல் வகுத்தார்; ஆரை சிறிது பெருத்தது, வர்க்கித்தபோது அந்தப் பெருக்கம் இரட்டித்தது. 3.14 ஐ 3 ஆக்கியதில் அதில் பாதிதான் குறைந்தது. கம்புக்காரருக்கோ குறைவு மட்டுமே. ஒருவர் ஏறக்குறைய நூற்றுக்கு 5 கூட்டிச் சொல்கிறார், மற்றவர் நூற்றுக்கு 5 குறைத்துச் சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை.

இதை மூடையாக மாற்றுவோம். உப்பின் பாரம் மணியின் பருமனையும் ஈரத்தையும் பொறுத்தது. ஆகவே புத்தகத்து எண்ணை நம்பாமல் 10 லீற்றர் வாளி ஒன்றை நிரப்பி நிறுங்கள். 11 கிலோ நின்றால், ஒரு கன மீற்றரில் 100 வாளி, 1100 கிலோ. இரண்டு அளவைக்கும் வித்தியாசம் 1.4 கன மீற்றர், அதாவது 1500 கிலோவுக்கு மேல். 50 கிலோ மூடையில் 30 மூடை! வாங்குபவர் ஏன் கம்பை விரும்புகிறார், விற்பவர் ஏன் கயிற்றை விரும்புகிறார் என்று இப்போது விளங்கும். இரண்டு முறையிலும் அளந்து நடுவில் உள்ளதை எடுங்கள்: (16.2 + 14.8) ÷ 2 = 15.5. (நீண்ட அம்பாரமாகக் குவித்துக் கிடுகு வேய்ந்த உப்புக்கு இக்கணக்குப் பொருந்தாது.)

மதிப்பீட்டில் மனிதர் அடங்கும்போது நிலைமை வேறு. 2009 இன் தொடக்கத்தில் போருக்குள் அகப்பட்டிருந்த வன்னி மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தவர்கள் 280,000 இற்கும் மேல். இந்த முரண்பாட்டை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியம் என்று வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஓர் எண்ணுக்கு 35 தொன், மற்றதற்கு 140 தொன். பத்தாயிரத்துக்கு மட்டந்தட்டினால் பிழை 5000 ஐத் தாண்டாது என்று மேலே உள்ள விதி சொல்கிறது. இங்கே இடைவெளி இரண்டு இலட்சத்துக்கு மேல். இது மட்டந்தட்டலில் வந்த பிழையன்று.

செய்து பார்க்க:

1. 130 பிள்ளைகளை 54 ஆசனமுள்ள பேருந்துகளில் ஏற்ற வேண்டும். 130 ÷ 54 ஐ மட்டந்தட்டினால் 2. எத்தனை பேருந்து பிடிப்பீர்கள்?

2. வட்டக் கிணறு ஒன்றின் அகலம் 4 மீற்றர், தண்ணீர் 3 மீற்றர். அகலம் × அகலம் × ஆழம் × 0.8 என்று பெருக்கினால் கன மீற்றர் வரும். ஒரு கன மீற்றர் 1000 லீற்றர். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குளோரின் அளவு கேட்கப் போகுமுன் இந்த எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

3. பலாப்பழம் ஒன்று கிடைத்தால் கணக்கதிகாரம் சொல்லும் கணக்கைச் சோதிக்கலாம். காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6 ஆல் பெருக்கி, 5 ஆல் வகுத்தால் சுளைகளின் தொகை வருமாம். நம்ப எனக்குத் தயக்கம். பழத்தை வெட்டி, பிள்ளைகள் கைவைக்குமுன் எண்ணிவிடுங்கள்.