உங்கள் ஒரு சொடுக்கு யாருக்கு லாபம்?

ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கியிருக்கிறீர்களா? ஒரு கடையில் நாலு கடலையை வாயில் போட்டுப் பார்ப்போம்; பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடப்போம். நாம் எட்டிப் பார்த்ததை யாரும் எழுதி வைப்பதில்லை.

அதே கச்சாங் பூத்தேயை ஷாப்பியிலோ லசாடாவிலோ தேடிப் பாருங்கள். எந்தப் படத்தைத் தட்டினீர்கள், எதைக் கூடையில் போட்டீர்கள், எதை வாங்கினீர்கள் என எல்லாமே பதிவாகிறது. அடுத்தவர் தேடும்போது எந்தக் கடையை மேலே காட்டுவது என்று முடிவு செய்ய இத்தகைய பதிவுகளும் பயன்படுகின்றன.

"இலட்சக்கணக்கானவர்கள் தட்டுகிறார்கள். நான் ஒருவன் தட்டுவதால் என்ன ஆகிவிடும், டீச்சர்?" என்று படிவம் 4 மாணவன் ஒருவன் கேட்டான். பதிலுக்கு ஒரு காலி மைலோ டின்னை எடுத்தேன்.

நீங்களும் செய்து பாருங்கள். டின்னில் ஒரே அளவுள்ள ஒரு சிவப்புப் பொத்தானும் ஒரு வெள்ளைப் பொத்தானும் போடுங்கள். (கடலைகளைப் போடாதீர்கள். கை தடவியே கண்டுபிடித்துவிடும். பாதி வயிற்றுக்கும் போய்விடும்.) சிவப்பு ஒரு கடை, வெள்ளை அதன் போட்டிக் கடை. பார்க்காமல் ஒன்றை எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். இப்படி 20 முறை.

இது போல்யா கலசம் எனப்படும் கணித மாதிரி. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போல்யா, எகன்பெர்கர் என்பவருடன் சேர்ந்து 1923-இல் வெளியிட்டது. இரு நிறமும் ஏறக்குறைய சமமாகத்தானே முடியும் என்று நினைப்பீர்கள். இல்லை! சேர்ந்த பொத்தான்கள் 10-க்கு 10 என முடியும் வாய்ப்பும், 20-க்கு 0 எனச் சிவப்பே முழுவதும் வெல்லும் வாய்ப்பும் ஒன்றேதான்: 21-இல் ஒரு பங்கு. என் வகுப்பில் ஒவ்வொரு குழுவின் டின்னும் ஒவ்வொரு கதை சொன்னது.

காரணம் முதல் சில எடுப்புகளில் இருக்கிறது. முதலில் சிவப்பு வந்தால் அதன் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 67-க்குத் தாவுகிறது. டின்னில் 50 சிவப்பும் 50 வெள்ளையும் சேர்ந்த பிறகு ஒரு சிவப்பு வந்தால், 50.5 ஆகிறது, அவ்வளவுதான். மாணவனின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. பெரிய கடைக்கு உங்கள் சொடுக்கு கடலில் கரைத்த உப்பு. நேற்றுத் தொடங்கிய கடைக்கு அதுவே ஒரு பெரிய தள்ளு.

மனிதர்களும் பொத்தான்களைப் போல நடப்பார்களா? சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்து, 2006-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்க வைத்தார்கள். ஒரு பிரிவினர் மற்றவர்களின் தேர்வைப் பார்க்க முடியாது. மற்றவர்கள் எட்டு தனித்தனி 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதைப் பார்த்தார்கள். முதல் பிரிவில் 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகில் முதலிடம். இன்னோர் உலகில் 40-ஆம் இடம். மிக நல்ல பாடல்கள் அரிதாகவே தோற்றன, மோசமானவை அரிதாகவே வென்றன. நடுத்தரமானவற்றின் தலைவிதியை முதலில் வந்தவர்களே பெருமளவு எழுதினார்கள்.

மேலிடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்? கூகுள் தன் விலை ஒப்பீட்டுச் சேவையைப் போட்டியாளர்களுக்கு மேலே காட்டியதற்காக, ஐரோப்பிய ஆணையம் 2017-இல் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. தேடல் முடிவுகளின் முதல் பக்கத்திலுள்ள பத்தும் ஏறக்குறைய 95 விழுக்காடு சொடுக்குகளைப் பெறுவதாகவும், இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்கு ஒரு விழுக்காடுதான் கிடைப்பதாகவும் அது அப்போது சுட்டிக்காட்டியது.

எனவே, சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து முறுக்கு விற்கும் ஒரு தாயாரின் கடையைத் தேடிக் கண்டுபிடிக்க நீங்கள் கொஞ்சம் கீழே உருட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் எல்லாச் சொடுக்கும் உதவி அல்ல. 'விளம்பரம்' என்ற குறியுள்ள படத்தைத் தட்டினால், நீங்கள் வாங்காவிட்டாலும் கடைக்காரரின் விளம்பரப் பணத்திலிருந்து சில சென் கழியலாம். ஷாப்பி விளம்பரங்களில் சொடுக்குக்குக் கட்டணம் உண்டு. பத்து சென் முறுக்கு மாவுக்காரருக்குச் சின்னக் காசில்லை. தெரிந்த கடை என்றால் விளம்பரத்தைத் தட்டாமல், கடையின் பெயரையே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள், வாங்கியபின் இரண்டு வரி மதிப்புரை எழுதுங்கள். டின்னில் பொத்தான்கள் குறைவாக இருக்கும்போதே எழுதுவது நல்லது.