காப்பாற்றப் போனவரின் நாடியை யார் பார்ப்பது?



ஏப்ரல் 14 என்றதும் நமக்குச் சித்திரைப் பிறப்புதான் ஞாபகம் வரும். அதே நாள் நம் நாட்டில் தீத்தொண்டு நாளும் கூட. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி வந்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த நாள்.

அவர்களைக் கொன்றது வெடிப்பு. ஆனால் தீயணைப்பு வீரருக்கு வெளியே தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. அது அவர் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

ஓர் அதிர்ச்சிக் கணக்கு

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களை இதில் சேர்க்கவில்லை. மற்றவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் இறந்தது இதய நோயால்! தீயோடு போராடும் நேரம் அவர்கள் வேலை நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். ஆனால் அந்த இதய நோய் மரணங்களில் 32 சதவீதம் அந்தக் கொஞ்ச நேரத்தோடு சேர்ந்தவை.

ஏன் இப்படி?

பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? கசியும் நீர் ஆவியாவதால். நம் உடம்பும் வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. தீயணைப்பு வீரரின் தடித்த கோட்டுக்குள் வியர்வை சரியாக ஆவியாக வழியில்லை. உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். உடையும் காற்று உருளையும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் சுமை. வியர்வை கொட்டக் கொட்ட இரத்தத்தின் அளவும் குறையும். இருக்கிற இரத்தத்தை வைத்துக்கொண்டு தசைக்கும் அனுப்பணும், தோலுக்கும் அனுப்பணும். பாவம், இதயம் என்ன செய்யும்? வேகமாக அடித்துக்கொள்ளும்.

அந்த நேரத்தில் அவரிடம் கேட்டால், “எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். வேலை மும்முரத்தில் களைப்பு அவருக்கே தெரியாது. அதனால்தான் கேட்பதோடு விடாமல் அளந்தும் பார்க்க வேண்டும்.

எதையெல்லாம் அளக்கிறார்கள்?

1. நாடித்துடிப்பு: ஓய்வில் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100. உச்ச அளவுக்குத் தோராயக் கணக்கு, 220-லிருந்து வயதைக் கழிப்பது. 40 வயதுக்காரருக்கு 180. மார்பில் கட்டும் பட்டை துடிப்பை எண்ணி, ரேடியோ அலை மூலம் வெளியே அனுப்பும்.

2. உடல் வெப்பநிலை: இயல்பு சுமார் 37 டிகிரி செல்சியஸ். விழுங்கும் மாத்திரை வடிவிலேயே வெப்பமானி இருக்கிறது! 1998-ல் 77 வயதில் விண்வெளிக்குப் போன ஜான் க்ளென் அதை விழுங்கினார். தீயணைப்பு வீரர்கள் பற்றிய ஆய்வுகளிலும் அது பயன்பட்டிருக்கிறது.

3. அசைவு: வீரர் சுமார் 30 வினாடி அசையாமல் கிடந்தால், அவர் உடையில் உள்ள கருவி தானாகவே அலறும்.

4. இரத்தத்தில் ஆக்ஸிஜன்: கொரோனா காலத்தில் பலர் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான். இதன் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானின் டகுவோ அவோயாகி (1974).

கருவியும் ஏமாறும்!

இதுதான் முக்கியம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டும் ஒரே சிவப்பாகத் தெரியும். ஆகவே புகையை மூச்சில் இழுத்து மயங்கப் போகிறவருக்கும் “98” என்று காட்டலாம்! இதற்காகவே கூடுதல் ஒளி அலைநீளங்களில் பார்க்கும் கருவிகள் வந்துள்ளன. எண்ணை மட்டும் பார்க்காதே, ஆளையும் பார் என்பதே பாடம். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

செய்து பார்ப்போம்

மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வையுங்கள். (கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு.) 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பி.டி. பீரியடில் மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்து மறுபடி எண்ணுங்கள். பழைய எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது? மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஓட வேண்டாம், எண்ணி உதவலாம்.

தீ விபத்து நடந்த இடத்திலும் இதே கணக்குதான். வெளியே வந்த வீரரை நிழலில் உட்கார வைத்து, கோட்டைக் கழற்றி, தண்ணீர் கொடுத்து, நாடி பார்க்க வேண்டும். துடிப்பு இறங்கவில்லை என்றால், எத்தனை பெரிய வீரராக இருந்தாலும் மறுபடி உள்ளே அனுப்பக் கூடாது. உட்கார வைப்பது அவமானம் அல்ல. அவரும் ஒரு வீட்டுக்கு அப்பா, அண்ணன், அக்கா. நம்மைக் காப்பாற்றப் போனவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டாமா?

– அறிவியல் மன்றத்துக்காக, 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு