பெப்டைடு ஆய்வுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

சங்கராபுரத்திலிருந்தும் கல்வராயன் மலை ஊர்களிலிருந்தும் வேதியியல் படித்துவிட்டு, மூளைச் செல்லைக் காக்கும் பெப்டைடுகளை உருவாக்கப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

1. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடத்தைக் கையால் போட்டுப் பழகுங்கள். பெப்டைடின் முதுகெலும்பு எந்தக் கோணத்தில் திரும்பும், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பது அதில் தெரியும். கணினி காட்டும் அழகான படத்தை அப்புறம் நம்பலாம்.

2. ஆல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டாவின் 16 முதல் 20 வரையான அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு, அதே புரதத்தோடு ஒட்டும் என்று 1996இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிளாடியோ சோட்டோ குழு 1998இல் இன்னொரு படி போனது. அந்தப் பகுதியில் வேலினை எடுத்துவிட்டுப் புரோலினை வைத்தது. புரோலினின் வளையம் முதுகெலும்பை விறைப்பாக்கும். ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்க அதனிடம் ஹைட்ரஜனும் இல்லை. பீட்டா அடுக்கு வளர வழி அடைபடும். ஒட்டவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும்: இந்த இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

3. பெப்டைடைச் செல்லில் போடுமுன், தயாரிப்பில் தங்கிய டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமில எச்சத்தை நீக்குங்கள். அதுவே செல்லைப் பாதிக்கும்.

4. உங்கள் பெப்டைடின் அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த பெப்டைடையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். அமிலாய்டு இழையைக் காட்டும் தயோஃப்ளேவின் சாயத்தின் ஒளி குறைந்தாலே இழை குறைந்துவிட்டது என்று எழுதாதீர்கள்.

5. இதை மறக்கவே வேண்டாம். உடம்பில் பெப்டைடை வெட்டும் நொதிகள் நிறைய. பக்கவாதத்துக்கான நெரினெடைடு பெப்டைடை 1,105 நோயாளிகளிடம் சோதித்து, 2020இல் முடிவு வெளியிட்டார்கள், மொத்தத்தில் பலனில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் பெறாதவர்களிடம் மட்டும் நன்மையின் அறிகுறி இருந்தது. ஆல்டிப்ளேஸ் தூண்டும் பிளாஸ்மின் இந்தப் பெப்டைடையும் வெட்டிவிடுகிறது. ஆகவே நோயாளிக்கு வேறென்ன மருந்து ஏறும் என்பதை முதல் நாளே கேளுங்கள். டி-அமினோ அமிலம், என்-மெத்தில் மாற்றம் இரண்டும் வெட்டுக்கு எதிரான நல்ல வழிகள். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒட்டும் திறனைத் திரும்ப அளக்க வேண்டும். இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகிறதா என்பது தனிச் சோதனை.

6. நினைவு தப்பிய பெரியவரை வீட்டில் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் "மருந்து எப்பப்பா வரும்?" என்று கேட்டால், ஆய்வுக்கூடத் தட்டில் செல் பிழைத்ததைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள். டவுனெடைடு என்ற எட்டு அமினோ அமிலப் பெப்டைடு விலங்குகளில் நல்ல பலன் தந்தது. ஆனால் மூளைத்தண்டைச் சிதைக்கும் பிஎஸ்பி நோயாளிகளிடம் 2012இல் தோற்றது. ஆல்சைமரையோ பார்க்கின்சனையோ தடுத்து நிறுத்தும் பெப்டைடு மருந்து எதுவும் இன்னும் அனுமதி பெறவில்லை.